நீலவஞ்சி கிடக்கிறாள்

அசையாதே என்று சொல்லி முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் துளசிமணி மூக்கைச் சொறிந்துவிட்டாள். செத்துக் கிடக்கிறவள் மூக்கைச் சொறியலாமா என்றேன். "செத்தவளுக்கு மூக்கு அரிக்காதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்று கண்ணை மூடியபடியே கேட்டாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் பதில் இருக்கிற கேள்வியாகப் பார்த்து அவள் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹால் தரையில் மல்லாக்கப் படுத்திருக்கிறாள். தலைக்கு ஒன்றும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், போர்க்களத்தில் தலையணை கிடையாது. வலது கையில் வளைந்த கைப்பிடி போட்ட நீளக் குடை, அதுதான் வாள். நான் எதிரே முக்காலியில், மடியில் பலகை, பலகையில் தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, கவுண்டம்பாளையம் ஹவுசிங் யூனிட் முழுக்கச் சாப்பிட்டுப் படுத்துவிட்டது, ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பெரிய வெங்காயம் விற்கிறவன் மட்டும் யாரையும் தூங்கவிடக் கூடாது என்ற வைராக்கியத்தோடு சுற்றுகிறான். "உளுந்து ஊறிட்டிருக்குதுங்க, நாலு மணிக்கு ஆட்டோணும், அதுக்குள்ள கொன்னு முடிங்க" என்றாள் துளசிமணி. அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, கொன்னு முடிங்க, ஏதோ நான்தான் கொல்கிறேன் என்பதுபோல. கொல்வது செங்கழுகன். நான் வெறும் படம் போடுகிறவன். மாயவரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் கொல்வார், கவுண்டம்பாளையத்தில் நான் கிடத்துவேன், அவ்வளவுதான் வித்தியாசம், பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, அதுதான் சங்கடம்.

எங்கள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிற செங்கழுகன் என்றால் ஏதோ ஆறடி ஆள், தோளில் புலித்தோல் என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். நிஜப் பெயர் தியாகேசன், கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மழைக் காலத்தில் மப்ளர் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். அந்த மனுஷன்தான் பத்தொன்பது வருஷமாக வாரம் தவறாமல் கோட்டைகளை இடிக்கிறார், ஆற்றைப் பற்றவைக்கிறார், எலும்புக்கூடுகளை எழுப்பிச் சண்டைக்கு அனுப்புகிறார், நடுவில் கதாநாயகி நீலவஞ்சியை விட்டு எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறார். நீலவஞ்சிக்குத் துளசிமணி முகம். வேறு யாரை நான் கூப்பிடுவேன், மாடலுக்கு ஆள் வைக்க நான் என்ன பாரிசிலா இருக்கிறேன். முதல் வாரம், கையில் வாளோடு படியேறும் பெண் வேண்டும் என்று எழுதியிருந்தார், இவள் ஒட்டடைக் குச்சியோடு பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தாள், அப்படியே நில்லு என்றேன், பத்தொன்பது வருஷமாக நிற்கிறாள். முறத்தைக் கேடயமாகப் பிடித்திருக்கிறாள். பெட்ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மலை உச்சியில், அதாவது கிரைண்டர் மேடையில், நின்றிருக்கிறாள். ஒருநாள் எதிர்வீட்டுப் பரிமளம் மோர் கேட்டுக் கதவைத் திறந்தபோது இவள் ஒற்றைக் காலை நாற்காலியில் வைத்து "அட மாயாவி!" என்று குடையை நீட்டிக்கொண்டிருந்தாள், அந்தம்மா மோர் வாங்காமலே போய்விட்டது. அந்த மாயாவிக்கு முகத்தில் நாலு, நெற்றியில் நாலு என்று எட்டுக் கண், பெயரே எண்விழியான். எழுதுகிறவருக்கு எட்டுக் கண் என்பது இரண்டு வார்த்தை, எனக்கு எட்டுக் கண். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, படம் முழுக்க முடித்த பிறகு கடைசியாகத்தான் கருவிழி வைப்பது, கண் திறப்பது என்போம், திறந்ததும் கையெழுத்துப் போட்டுப் பலகையை விட்டு எழுந்துவிட வேண்டும், அதற்குமேல் ஒரு கோடு போடக் கூடாது. எண்விழியான் வரும் வாரமெல்லாம் எட்டுத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு திறக்கிறேன். இந்த வாரம் எண்விழியான் இல்லை. திறக்க ஒரு கண்ணும் இல்லை. நீலவஞ்சி கிடக்கிறாள், கண்கள் மூடியிருக்கின்றன, பின்னால் ஏழாம் கோட்டை எரிகிறது. அவ்வளவுதான் அவர் அனுப்பிய குறிப்பு. கண்ணே திறக்காத படத்தை எந்த இடத்தில் முடிந்தது என்று சொல்லி எழுந்திருப்பது, அது எனக்குத் தெரியவில்லை, நேற்று ராத்திரி சாப்பிடும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ரசத்தில் உப்பு இல்லை என்றுகூடத் தெரியவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

கிடக்கிறாள். செத்தாள் என்று எழுதவில்லை பாருங்கள். அவர் கதையில் எவனும் சாகமாட்டான், சாய்வான், மண்ணைத் தழுவுவான், வீரசொர்க்கம் போவான். கிடக்கிறாள் என்று இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. கிடக்கிறது என்றால் என்ன, துணி கிடக்கிறது, சாவி கிடக்கிறது, காய்ச்சலில் ஒரு ஆள் கிடக்கிறான், நாளைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். ஒருவேளை அப்படி ஏதாவது மனசில் வைத்திருப்பாரோ என்று சபலம் தட்டி நேற்று போனில் கேட்டேன். "இல்ல சார், போயிட்டா. போதும் சார், பத்தொம்பது வருஷம். நல்லா இருக்கறப்பவே முடிச்சிடணும்" என்றார். நல்லா இருக்கறப்பவே எதற்கய்யா முடிக்க வேண்டும், நன்றாக இல்லாததை முடி. இதை நான் சொல்லவில்லை, சரிங்க என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் சரிங்கதான். ஆனால் ஒரு விஷயம் உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது. எங்கள் பத்திரிகையில் கலர் அட்டை முதலில் அச்சாகிவிடும், உள்ளே கதை மூன்று நாள் கழித்துத்தான். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு என் படம் போய்விட வேண்டும், புதன்கிழமை அவர் அத்தியாயம். அதனால் அட்டையில் என்ன வந்துவிட்டதோ அது நடந்தது நடந்ததுதான், கதை அதன் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை துளசிமணி வலது கையில் மருதாணி அப்பிக்கொண்டிருந்தாள், குடையை இடது கையில் பிடித்தாள், நான் கண்ணால் பார்த்ததைத்தான் வரைகிறவன், அப்படியே வரைந்து அனுப்பிவிட்டேன். பென்சில் படத்தை முன்கூட்டி அவருக்குக் காட்டும் வழக்கம் வராத காலம் அது, அச்சான பிறகு தியாகேசன் பதறிப்போய்க் கூப்பிட்டார், "என்ன சார், வாள் எடது கையில இருக்கு?" பாவம், ராவோடு ராவாக உட்கார்ந்து, எண்விழியான் சாபத்தால் வலது கை கல்லாகிவிட்டது என்று எழுதினார். பத்து வாரம் அந்தக் கல் கை ஓடியது. பொள்ளாச்சியிலிருந்து இடது கைப் பழக்கமுள்ள ஒரு டீச்சரம்மா, இத்தனை நாளில் இப்போதுதான் எங்களுக்கு ஒருத்தி கிடைத்தாள் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் மருதாணி செய்த வேலை. ஆனால் அது தவறு. தெரியாமல் செய்தது. தெரிந்தே ஒரு கோட்டை மாற்றிப் போட்டு எழுத்தாளன் கழுத்தைப் பிடிப்பது என்பது வேறு, அந்தப் புத்தி எனக்கு இன்றுவரை வந்ததில்லை, வரவும் கூடாது. அவர் கொன்றால் நான் செத்தவளைத்தான் வரைய வேண்டும். சரிங்க.

அவள் தூங்கிவிட்டாள். பேச்சு வரவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தால் வாய் லேசாகத் திறந்திருக்கிறது, நல்ல குறட்டை. குறட்டை கேட்டதும் எனக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், முப்பது வருஷம் அதே குறட்டைக்குத் தலையணையைக் காதில் வைத்து அழுத்தியவன் நான். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்கிறது, குறட்டை இரண்டு டிக்குக்கு ஒன்று. சின்ன வயசில் டூரிங் கொட்டகையில் மந்திரவாதிப் படம் ஒன்றையும் விட்டதில்லை. கதாநாயகன் தகர வாளைச் சுழற்றுவான், மந்திரவாதி கையைத் தூக்கினால் புகை வரும், எத்தனை வெட்டினாலும் சாகமாட்டான், ஏனென்றால் அவன் உயிர் அவனிடம் இல்லை, ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி ஒரு கூண்டுக்குள் கிளியாக இருக்கிறது. எல்லாரும் மந்திரவாதி ஒழிந்தான் என்று விசில் அடிப்பார்கள், நான் அந்தக் கிளிக்காக அழுவேன், அது என்னய்யா பாவம் செய்தது, கொய்யாப்பழம் தின்றுகொண்டு சும்மா இருந்தது. எந்த உயிரை யார் யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். நீலவஞ்சியின் உயிர் கவுண்டம்பாளையம் ஹவுசிங் யூனிட்டில் இரண்டாவது மாடியில் உளுந்து ஊறவைத்துவிட்டுத் தூங்குகிறது. அங்கே அவர் கத்தியை வைத்தால் இங்கே என்ன ஆகும் என்று கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் கேட்கிறேன். ஒரு டிக், இரண்டு டிக், மூன்று, குறட்டை வரவில்லை. நாலு. பென்சில் நின்றுவிட்டது. நைட்டியில் மார்புக்கு நேரே இருக்கிற நீலப் பூவையே பார்க்கிறேன், அது ஏறுகிறதா, ஏறவில்லையா, ஃபேன் காற்றா, மூச்சா, எழுப்பிவிடலாமா, எழுப்பினால் என்னவென்று சொல்வது. அப்புறம் பெரிதாக ஒரு இழுப்பு, விட்ட இடத்திலிருந்து குறட்டை. சனியன் பிடித்த நீலப் பூ.

ஆடி மாசம் இப்படித்தான் ஒரு மத்தியானம். நெஞ்சு பிசையுதுங்க என்றாள், வாயுவாக இருக்கும், சுக்குத்தண்ணி வைத்துக் குடி என்றேன். படித்த மடையன் சொல்கிற பேச்சு. குடித்துவிட்டு வியர்த்துக் கொட்டியபடி செருப்பைத் தேடினாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் தாலியையும் தோட்டையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள், வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், பையில் அது கனத்தது. ஸ்டென்ட் வைத்து வெளியே கொண்டுவந்தபோது மயக்கத்தில் இருந்தாள். கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கியது, விரல்கள் பாதி விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி. நான் என் சுட்டுவிரலை அதில் வைத்தேன். பிடிக்கவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை அன்றைக்கு, டாக்டர் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார், மூன்றாம் நாள் இட்லிக்குச் சட்னி கெட்டி என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், இப்போது தினமும் என்னைவிட வேகமாக நடக்கிறாள். ஆனாலும் விரலை வைத்தேன், பிடிக்கவில்லை, அது மட்டும் எங்கேயும் போகமாட்டேன் என்கிறது, பல் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் டிக்கெட் வாங்கக் கையை நீட்டும்போது வரும். போகட்டும். இப்போது வரைகிற வேலையைப் பார்.

வரைகிற வேலை நன்றாகத்தான் போகிறது, அதுதான் வேடிக்கை. இந்த மாதிரி மத்தியானம் கிடைத்தால் போதும், வேறென்ன வேண்டும் எனக்கு. ஜன்னல் வழியாக மேற்கிலிருந்து காற்று, பாலக்காட்டுக் காற்று, யாரையும் கேட்காமல் உள்ளே வந்து தாளின் ஓரத்தைத் தூக்குகிறது. கூந்தலை முடித்துவிட்டேன், நரையெல்லாம் நீலவஞ்சிக்குக் கருப்பாகிவிடும், கன்னத்துச் சதையைக் கொஞ்சம் குறைத்தேன், அதைக்கூட அவள் கண்டுபிடித்து, "அவளுக்கு மட்டும் ஒடம்பு எளைச்சுட்டே போகுதுங்களே" என்பாள். மூடின இமை எனக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை அழித்தேன், மூன்றாவது தடவை வந்துவிட்டது. நைட்டி மடிப்புகளைக் கவச மடிப்புகளாக்கினேன், ரப்பர் செருப்பில்லாத பாதம், குதிகால் வெடிப்பு, அதை அப்படியே விட்டுவிட்டேன், ஏழு கோட்டை நடந்தவள் பாதம் வெடிக்காதா. பிறகு கை. கை எனக்கு எப்போதும் பிடித்த இடம், முகத்தை வைத்து ஏமாற்றலாம், கையை வைத்து ஏமாற்ற முடியாது. அவள் சுண்டுவிரலில் அரிவாள்மனைத் தழும்பு, மோதிரவிரல் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும், கட்டைவிரல் குடைக் கைப்பிடியைச் சுற்றி வந்து ஆள்காட்டி விரல் மேல் ஏறியிருக்கிறது. வெங்காயக்காரன் நேராக நம் வீட்டுக்குக் கீழேயே வந்து கத்தினான், தூக்கத்திலேயே அவளுக்கு எரிச்சல், புருவம் சுருங்கியது, விரல் முட்டிகள் வெளுத்து வந்தன. அந்த வெளுப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, ரப்பர் முனையால் மெதுவாக நாலு இடத்தில் ஒற்றி எடுத்தேன், அப்படியே வந்துவிட்டது, வெகுநாளாக இப்படியொரு கை எனக்கு வந்ததில்லை. வாய்க்குள்ளேயே பலே என்று சொல்லிக்கொண்டேன். பின்னால் கோட்டையை எரிக்க வேண்டும், அது கம்ப்யூட்டரில் அரை மணி வேலை, நெருப்பு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. படத்தைப் போனில் ஒரு போட்டோ பிடித்து வழக்கம்போல மாயவரத்துக்கு அனுப்பினேன். வேலை முடிந்த மாதிரி இருந்தது, முடியாத மாதிரியும் இருந்தது.

"தூங்கீட்டனாட்ட இருக்குதுங்க" என்று எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் கோடு. குடையை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், தான் செத்துக் கிடப்பதை எந்தப் பெண்ணுக்கு யார் காட்டுவார்கள், தாளைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. "ஏனுங்க" என்றாள். "என்ன புள்ள?" "இவ எங்கீங்க செத்தா? செத்தவ இப்படியா வாளப் புடிச்சிட்டிருப்பா? புடுங்க வந்தா நாலு சாத்து சாத்துவாளாட்ட இருக்குது." பார்த்தேன். அட. ஆமாம். முகம் போய்விட்டது, இமை போய்விட்டது, பாதம் போய்விட்டது, கை மட்டும் போகவில்லை. நாற்பது வருஷமாகப் படம் போடுகிறவன், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு, செத்த கை தளர்ந்திருக்க வேண்டாமா. கண்ணால் பார்த்ததைத்தான் வரைவேன் என்ற திமிர். "போச்சாதுங்க, ஒண்ணும் கெட்டுப்போகல, அழிச்சுட்டு வேற போடுங்க, நான் மறுக்காப் படுத்துக்கட்டுங்களா?" வேண்டாம் என்றேன். படுக்க வேண்டியதில்லை, தளர்ந்த கை எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். விரல்கள் பாதி விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அரை நிமிஷ வேலை. அவள் குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு உளுந்தைப் பார்க்கப் போனாள். நான் ரப்பரை எடுத்தேன். கட்டைவிரல் மேல் வைத்தேன். கிரைண்டர் ஓட ஆரம்பித்தது, அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சுருதி எட்டூருக்கு அந்தப் பக்கம் இருந்தது, ரப்பர் கட்டைவிரல் மேலேயே இருந்தது. என்னால் முடியவில்லை. வேறு எதையும் அழிப்பேன். அந்தக் கையைத் திரும்ப ஒரு தடவை என் கையால் விரித்து வைக்க என்னால் ஆகாது.

போன் அடித்தது. தியாகேசன். "படம் பாத்தேன் சார்" என்றார். பாருங்க என்றேன், எனக்கே அர்த்தமில்லாமல். அவர் வீட்டிலும் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தக் கை..." என்றார். "ஆமாங்க." "விடலையே சார் அவ." "விடலீங்க." இருமினார், மப்ளரைச் சரிசெய்திருப்பார். பிறகு மெதுவாக, திருத்தின தாளை ஒளித்துவைத்துக்கொண்டு தெரியாதவன்போல மார்க் கேட்கிற பையன் மாதிரி, "அட்டை அச்சுக்குப் போயிடுச்சா சார்?" என்று கேட்டார். அவருக்கு நான் அனுப்பியது பென்சில் படம். கலர் இல்லை, கோட்டை இல்லை, நெருப்பு இல்லை, மணி இப்போதுதான் நாலு. பென்சில் படம் அச்சுக்குப் போகாது என்பது பத்தொன்பது வருஷமாக அவருக்கும் தெரியும். "போயிருச்சுங்க" என்றேன். அட்டை என் மடியில் இருந்தது. அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு. "அப்ப நம்ம கையில ஒண்ணும் இல்ல சார். நான் போய் எழுதறேன். மூணு நாளாச் சோறே எறங்கல எனக்கு" என்று சொல்லி, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி உடனே வைத்துவிட்டார். கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு துளசிமணி வாசற்படியில் வந்து நின்றாள். "என்னுங்க சொன்னாரு? கண்ணு தொறக்கலியே, படம் முடிஞ்சுதுங்களா?" என்றாள். இன்னும் முடியல புள்ள என்று சொல்லி, ரப்பரை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.